ஸ்லோவேனியாவில் தனியாக கார் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. அக்டோபரில் ஒன்பது நாள் ஸ்லோவேனியா போகிறேன். தனியாக, வாடகை காரில். நாட்டில் பாதிக்கு மேல் காடு, அதுதான் இழுக்கிறது. லியுப்லியானாவில் காரை எடுத்து பிளெட், போஹின் ஏரிகள், பிறகு விர்ஷிச் கணவாய் ஏறி சோச்சா பள்ளத்தாக்கு, கடைசியில் தெற்கே கோச்செவ்யே காடு.

பயமே விர்ஷிச்தான். 1,611 மீட்டர் உயரம், 50 கொண்டை ஊசி வளைவுகள். க்ரான்ஸ்கா கோரா பக்கம் வளைவுகளில் தார் கிடையாது, கல் பாவியிருக்கிறார்கள். மழை பெய்தால் டயர் வழுக்குமா? நான் இடப்பக்கம் ஓட்டியே பழகியவன். அங்கே வலப்பக்கம். கியர் போடப் போய் இடது கை கதவில்தான் இடிக்கும் (ஒருமுறை பட்டிருக்கிறேன், சிரிக்காதீர்கள்). ஆட்டோமேட்டிக் எடுத்தால் சமாளிக்கலாமா, இல்லை சுற்றுவழியே மேலா?

இன்னொன்று, நெடுஞ்சாலைக்கான இ-விக்னெட் (சுங்கக் கட்டணம் கட்டியதற்கான மின்னணு அனுமதி). அங்கே எடுக்கும் வாடகை காருக்கு அவர்களே போட்டுத் தருவார்களா, நாம் வாங்கணுமா?

கோச்செவ்யேயில் கரடிகள் உண்டு. சாயங்காலம் ஒற்றை ஆளாகக் காட்டுப்பாதையில் நடந்தவர்கள் சொல்லுங்கள். "போகாதே" என்பதை மட்டும் வீட்டிலேயே போதுமான அளவு கேட்டாயிற்று.