கான்ராட் 30 விண்ணப்பமும் வைகாசி முகூர்த்தமும்

அண்ணன் (ஒஹாயோ): அத்தான், அடுத்த ஜூன் மாதத்தோடு என் ரெசிடென்சி (மருத்துவமனை மேற்பயிற்சி) முடிகிறது. இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு கிராமப்புற மருத்துவமனை, கான்ராட் 30 திட்டத்தில், இரண்டாண்டு ஊர் திரும்பி இருக்க வேண்டும் என்ற விசா நிபந்தனையிலிருந்து எனக்கு வேய்வர் (விலக்கு) கேட்டு விண்ணப்பிப்பதாக ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்திடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பெரியப்பா: இந்திய அரசிடம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கினால் போதாதா, மாப்பிள்ளை? டெல்லியில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார்.

அத்தான்: போதாது, மாமா. ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் அமெரிக்காவுக்கு மருத்துவப் பயிற்சிக்கு வந்தவர்கள், சொந்த நாட்டில் இரண்டாண்டு இருந்த பிறகே எச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ பெறலாம் என்பது சட்டம். ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்கு அந்தக் கடிதம் உதவும். ரெசிடென்சி மருத்துவர்களுக்கு அந்த வழியே கிடையாது. செனட்டர் கென்ட் கான்ராட் 1994-இல் கொண்டுவந்த திட்டத்தைத்தான் பலரும் நம்பியிருக்கிறார்கள். மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் வாரம் 40 மணி நேரம், மூன்றாண்டு வேலை செய்ய ஒப்புக்கொண்டால் மாநிலச் சுகாதாரத் துறை பரிந்துரை செய்யும். அதன் பிறகு வெளியுறவுத் துறை, கடைசியில் குடியேற்றத் துறை. மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடங்கள்தான், கணக்கு அக்டோபர் 1-இல் தொடங்கும்.

அத்தான்: மாப்பிள்ளை, சம்பளத்தைப் பிறகு பார்த்துக்கொள். வேலையை விட்ட பின் அதே வட்டாரத்தில் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனையை வேய்வர் விதி அனுமதிப்பதில்லை. இருந்தால் நீக்கச் சொல். விலக்கு கிடைத்த 90 நாட்களுக்குள் பணியில் சேர்வதாக எழுதியிருக்க வேண்டும். இடையில் விலகினால் எவ்வளவு கட்டச் சொல்கிறார்கள் என்பதையும் பார், ஏனென்றால் விண்ணப்பம் அவர்கள் கையில் இருக்கும்வரை அவர்கள் கைதான் ஓங்கியிருக்கும். அங்கே முன்பு வேய்வரில் இருந்த மருத்துவர் யாராவது கிடைத்தால் பேசிவிடு. வக்கீல் சொல்லாததை அவர் சொல்வார். வேய்வருக்கான டிஎஸ்-3035 விண்ணப்பப் படிவம் நிரப்பியதும் வரும் வழக்கு எண்ணை, அனுப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் எழுது.

அம்மா: அதெல்லாம் சரி, மாப்பிள்ளை. வைகாசியில் இவள் கல்யாணத்துக்கு அவன் வருவானா, மாட்டானா? மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

அத்தான்: அத்தை, அந்த நேரத்தில் ஜே-1-இலிருந்து எச்-1பி-க்கு மாற்றக் கோரும் மனு நிலுவையில் இருக்கக்கூடும். அதற்கிடையே அவன் நாட்டை விட்டுக் கிளம்பினால், அந்தக் கோரிக்கையைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். பிறகு சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தில் எச்-1பி முத்திரை வாங்கித்தான் திரும்ப முடியும், அதற்கு எத்தனை நாளாகும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். 90 நாள் கெடுவோ ஓடிக்கொண்டிருக்கும்.

நான்: எனக்குப் பொரி இட அண்ணன் வந்தாக வேண்டும். வைகாசி இல்லாவிட்டால் அதற்கடுத்த தை. அவர்கள் வீட்டில் நானே பேசிக்கொள்கிறேன்.

பெரியப்பா: மண்டபத்துக்காரரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம், தேதியைப் பிறகு சொல்வோம்.

அண்ணன் (ஒஹாயோ): அத்தான், ஒன்பதாம் பக்கத்தில் 30 மைல் சுற்றளவுக்குள் ஈராண்டு தொழில் செய்யக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. அதை நீக்கித் தரும்படி மருத்துவமனைக்கு இன்றே எழுதுகிறேன்.