மோட்டார் பிளேட், ஃபில்டர், மீட்டர் மூணுலயும் மூணு யூனிட், எங்க தப்பு பண்றேன்?

வணக்கம். தண்ணி மோட்டார் பிளேட்ல அதிகபட்ச ஃப்ளோ 2.4 கன மீட்டர்/மணின்னு இருக்கு, ஃபில்டர் ஹவுசிங்ல மேக்ஸ் 30 எல்பிஎம் (நிமிஷத்துக்கு லிட்டர்), லைன்ல போட்ட ஃப்ளோ மீட்டர்ல லிட்டர்/செகண்ட்ல 0.55 காட்டுது. நான் 2.4-ஐ 1000-ஆல பெருக்கி 3600-ஆல வகுத்தேன், 0.67 எல்பிஎம் வந்துச்சு. சரி 30 தாங்குற ஃபில்டருக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு மாட்டிட்டேன், இப்போ ஃபில்டருக்கு முன்னாடி இருக்கற ஜாயின்ட்ல சொட்டு சொட்டா ஒழுகுது. கணக்கு தப்பா, ஃபில்டர் தப்பா?

தொட்டிமேல்:
கணக்குதான் ப்ரோ. 3600-ஆல வகுத்தா செகண்டுக்கு வந்துடும், நிமிஷத்துக்கு 60-ஆலதான் வகுக்கணும். உங்க 0.67 சரியான நம்பர்தான், ஆனா அது லிட்டர்/செகண்ட். 2400-ஐ 60-ஆல வகுத்துப் பாருங்க, 40 எல்பிஎம். ஃபில்டர் 30.

கேட்டவர்:
ஐயோ, ஆமா. அப்போ மீட்டர் காட்டுற 0.55-உம் எல்பிஎம்ல 33 ஆகுதே! ஆனா பிளேட்ல 40 வரணும், மீட்டர்ல 33. மோட்டார்ல கோளாறா?

பழைய பிட்டர்:
கோளாறெல்லாம் இல்லங்க. பிளேட்ல போடுற அதிகபட்ச ஃப்ளோ ஹெட், அதாவது தண்ணிய ஏத்தற உயரம், கிட்டத்தட்ட இல்லாதப்போ வர்றது, தண்ணிய மேல ஏத்தணும், எல்போ ஃபில்டர் எல்லாம் தாண்டிப் போகணும்னா குறையத்தான் செய்யும். மீட்டர் மேல சந்தேகம்னா ஒரு 20 லிட்டர் பக்கெட்ட லைன் கடைசில வச்சு டைம் பாருங்க. நான் எந்த சைட்டுக்குப் போனாலும் மொதல்ல பண்றது அதுதான், யூனிட் குழப்பமே வராது, லிட்டரும் செகண்டும் கண்ணு முன்னாடி நிக்கும். அப்புறம் ஃபில்டர்ல போட்டிருக்கறது எல்பிஎம்மா, எல்பிஎச்சா (மணிக்கு லிட்டர்)ன்னு இன்னொரு தடவ நல்லா பாருங்க, மணிக்குப் போட்டத நிமிஷத்துக்குன்னு படிச்சா 60 மடங்கு தப்பு.

கேட்டவர்:
மூணு தடவ பிடிச்சேன், 36, 37, 36 செகண்ட். 20-ஐ 36-ஆல வகுத்தா 0.556, மீட்டரோட ஒத்துப்போகுது. ஹவுசிங் அடியில சின்ன எழுத்துல 1800 எல்பிஎச்னும் போட்டிருக்கு, 60-ஆல வகுத்தா அதே 30.

தொட்டிமேல்:
சூப்பர். இனிமே 3.6-ஐ மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, லிட்டர்/செகண்ட 3.6-ஆல பெருக்கினா கன மீட்டர்/மணி. 0.556-க்கு 2.0 வரும். பெருக்குறதா வகுக்குறதான்னு குழம்பினா, ஒரே ஓட்டத்துக்கு லிட்டர்/செகண்ட்ல வர்றது எப்பவும் சின்ன நம்பர், எல்பிஎம்ல வர்றது பெரிய நம்பர்.

சொட்டுநீர்:
மருந்த கொஞ்சம் கொஞ்சமா அளந்து விடற டோசிங் பம்ப் பக்கம் போனா இன்னொரு இடத்துலயும் வழுக்கும். 1 மீட்டர் 100 சென்டிமீட்டர்ங்கறதால 1 கன மீட்டரையும் 100 கன சென்டிமீட்டர்னு போட்டுடறாங்க, அது 10 லட்சம். மில்லிலிட்டரும் கன சென்டிமீட்டரும் ஒண்ணுதான், அதனால 100 மில்லி/நிமிஷம்னா மணிக்கு 6 லிட்டர்.

பழைய பிட்டர்:
33-க்கும் 30-க்கும் வித்தியாசம் கம்மிதான், அதுனால மட்டும் ஜாயின்ட் ஒழுகாது, கழட்டி டெஃப்லான் டேப் புதுசா சுத்துங்க. ஆனா லிமிட்டுக்கு மேல ஓட்டாதீங்க, தண்ணி வேகமா போனா ஃபில்டர் சரியா பிடிக்காது. ரெண்டு ஹவுசிங் பேரலலா போடலாம், இல்ல வால்வ கொஞ்சம் மூடி 27-க்குக் கொண்டுவாங்க. மூடறது டெலிவரி (தண்ணி வெளிய போற) பக்கம் இருக்கற வால்வ, சக்ஷன் (தண்ணி உள்ள இழுக்கற) பக்கம் கை வைக்கவே கூடாது, பம்புக்குள்ள நீராவிக் குமிழி உண்டாகி உள்ள சுத்தற இம்பெல்லர அரிச்சிடும்.

கேட்டவர்:
27 எல்பிஎம்னா மீட்டர்ல 0.45 வரணும், டெலிவரி வால்வ மெதுவா திருப்பி அங்க நிறுத்திட்டேன். பக்கெட் 44 செகண்ட்ல நிறைஞ்சுது. டேப்பும் மாத்தியாச்சு, ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஜாயின்ட்ட விரலால தடவிப் பாத்தேன், ஈரமே இல்ல. ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும்.