டைமென்ஷன்: பரிமாணமா, வாரியா?

வணக்கம். தரவுக் கிடங்கில் (data warehouse, அலசிப் பார்ப்பதற்காகத் தரவுகளைச் சேர்த்து வைக்கும் இடம்) வரும் டைமென்ஷன் என்பதற்கு 'வாரி' என்று நான் சொன்னதற்குக் குழுவில் வந்த மறுப்புகளுக்கு இது பதில். முதலில் ஒருவர் கேட்டது:

> பரிமாணம் என்று பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

இயற்பியலுக்குச் சரி. நீளம், நிறை, காலம் என்று பேசும் இடத்தில் பரிமாணம் அழகாகப் பொருந்துகிறது. தரவுக் கிடங்கில் டைமென்ஷன் செய்யும் வேலை வேறு. எண்களை எதை வைத்துப் பிரித்துப் பார்க்கிறோமோ அதுதான் அங்கே டைமென்ஷன். அதற்கு நாம் தினமும் புழங்கும் சொல் ஒன்று இருக்கிறது: வாரி.

திருவாரூர்ப் பக்கம் ஓர் உழவர் குழுவின் நெல் கணக்குக்காகச் சின்னதாக ஒரு தரவுக் கிடங்கு வடிவமைத்தேன். என்ன வேண்டும் என்பதை அவர்களே ஒரு நோட்டில் எழுதித் தந்தார்கள். முதல் வரி இது: "ஊர் வாரியா, பருவம் வாரியா எத்தனை மூட்டை வந்துச்சு, ஈரப்பதம் எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியணும்." தரவு மாதிரியின் எலும்புக்கூடு முழுக்க அந்த வரியிலேயே இருந்தது. வாரிக்கு முன்னால் நிற்பவை டைமென்ஷன்கள். எத்தனை, எவ்வளவு என்பவற்றை ஒட்டி நிற்பவை அளவைகள், அதாவது கணக்கிட வேண்டிய எண்கள். எண்களை நடுவில் வைத்து டைமென்ஷன்களைச் சுற்றிலும் நிறுத்தும் முறைக்கு ஸ்டார் ஸ்கீமா என்று பெயர். தரவுக் கிடங்கு வல்லுநர் ரால்ஃப் கிம்பல் பரப்பிய அந்த முறையில், ஆங்கிலத் தேவைகளில் 'பை' (by) என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதைத் தேடுவார்கள். தமிழில் அந்த வேலையை வாரி செய்கிறது.

அளவைகளையும் ஒன்றுபோல நடத்த முடியாது. மூட்டைகளைக் கூட்டலாம். ஈரப்பதம் 16 சதவீதமும் 17 சதவீதமும் சேர்ந்து 33 ஆகாது. எடையைக் கணக்கில் கொண்டு சராசரிதான் எடுக்க வேண்டும்.

அடுத்த வரியில் தவறிவிட்டேன். "சம்பா தனியா வேணும்" என்று இருந்தது. நான் அதைப் பருவம் என்று எடுத்து, குறுவை, சம்பா, தாளடி எனப் போட்டுவிட்டேன். அவர்கள் கேட்டது சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா போன்ற ரகங்களை. நேரில் போனபோது ஒரு பெரியவர் நோட்டை வாங்கி, அந்த வரிக்கு மேலே 'ரகவாரி' என்று எழுதினார். குழப்பம் அங்கேயே தீர்ந்தது.

வாரி தமிழ்ச் சொல்லே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், இந்துஸ்தானி வழியாக வருவாய்க் கணக்குக்குள் வந்த ஒட்டு. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ காலத்து ரயத்துவாரி என்பதே, வரியை உழவர் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகப் போடுவதுதான். அப்புறம் வகுப்புவாரி, சாதிவாரி, மாவட்டவாரி என்று அது எந்தப் பெயரோடும் ஒட்டிக்கொண்டது. நமக்கு வேண்டியது அந்த ஒட்டும் குணம்.

பேராவூரணி அன்பர் சொன்ன தடை எனக்கு வலுவாகப் படுகிறது. அவர் பக்கம் வாரி என்றால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாரி. தனியாக நின்றால் குழப்பம்தான். அதனால் தனியாக வரும்போது 'வாரிக்கூறு', பெயரோடு சேரும்போது வெறும் 'வாரி', டைமென்ஷன் விவரங்களை வைக்கும் டைமென்ஷன் டேபிளுக்கு 'வாரிப்பட்டியல்' என்று வைக்கலாம்.

அளவைகளை வைக்கும் நடு அட்டவணையான ஃபேக்ட் டேபிளை 'உண்மை அட்டவணை' என்று எழுதுவதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. அதன் ஒவ்வொரு வரியும் நடந்து முடிந்த ஒன்றின் பதிவு, மூட்டை இறங்கும்போது எழுதும் எடைச்சீட்டு மாதிரி. இப்போதைக்கு 'நிகழ்வுப் பட்டியல்' என்று வைத்திருக்கிறேன். நெல் எடைபோடும் இடத்தில் கணக்கு எழுதியவர்கள் குழுவில் இருந்தால், அங்கே புழங்கும் சொல்லைச் சொல்லுங்கள்.