ஏபிஎஸ் லைட் அணைய மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். காரைக்குடியில் இருக்கிறேன். 2014 மாடல் டீசல் கார். பத்து நாளாக ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) லைட் எரிகிறது. கானாடுகாத்தான் தெருக்களில் மெதுவாக உருட்டி நிறுத்தும்போது பிரேக் பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறுகிறது. ஈரமே இல்லாத சாலை!

ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடு சி0035, அதாவது முன்பக்க இடது சக்கரத்தின் வேக சென்சார். புதுசு மாட்டியதும் இரண்டு நாள் நிம்மதி, அப்புறம் பழைய கதைதான். லைவ் டேட்டாவில் மற்ற மூன்று சக்கரமும் மணிக்கு 12 கி.மீ. வேகம் காட்டும்போது இது மட்டும் சட்டென்று 0-க்கு விழுகிறது. கழற்றிய சென்சாரை அளந்தேன், 1,100 ஓம். காந்தமும் சுருளும் உள்ள பழைய வகை என்பதால் அது நல்லதுதான் போலிருக்கிறது. (உள்ளே மின்னணுச் சுற்று உள்ள ஹால் வகை சென்சாரில் ஓம் பார்ப்பதே வீண்.) வீணாகச் செலவு செய்துவிட்டேன்.

டார்ச் அடித்துப் பார்த்தால் ஆக்ஸிலில் சென்சார் வேகத்தைப் படிக்கும் பல் வளையத்தில் ஓரிடத்தில் துரு உப்பி, மயிரிழை போல ஒரு விரிசல். சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினால் லேசான ஆட்டமும் உண்டு.

வளையத்தை மட்டும் மாற்றலாமா, ஆக்ஸிலையே மாற்ற வேண்டுமா? பேரிங் ஆட்டத்தில் சென்சாருக்கும் வளையத்துக்கும் இடைவெளி கூடினாலும் இப்படி வருமா? தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் வளையம் மாட்டத் தெரிந்தவர் இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த வாரம் அப்பத்தாவை மதுரைக்கு அழைத்துப் போக வேண்டும்.