பழைய வாட்டர் பாட்டில் மெஷின் விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

செஞ்சிக்காரன்:
வணக்கம். குவைத்திலிருந்து ஊர் திரும்பிவிட்டேன். செஞ்சிக்குப் பக்கத்தில் சொந்த இடமும் போர்வெல்லும் இருக்கின்றன. மூடிக்கிடக்கும் ஒரு கம்பெனியின் இயந்திரங்களைத் தரகர் காட்டினார்: மணிக்கு 1,000 லிட்டர் தரும் ஆர்.ஓ. (தண்ணீரின் உப்பை நீக்கும் இயந்திரம்), நிமிடத்துக்கு 40 பாட்டில்களைக் கழுவி, நிரப்பி, மூடும் மெஷின். ஜூஸ், சோடாவும் இதிலேயே நிரப்பலாம் என்கிறார். ஜி.எஸ்.டி.யும் குறைந்துவிட்டது. இறங்கலாமா?

கேன்வண்டி:
தம்பி, நான் மதுரைப் பக்கம் வாட்டர் பிளான்ட் நடத்துகிறேன். முதலில் கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 40 என்றால் லிட்டர் பாட்டிலில் மணிக்கு 2,400 லிட்டர் வேண்டும். உங்கள் ஆர்.ஓ. தருவது 1,000. மெஷின் பாதி நேரம் தண்ணீருக்குக் காத்து நிற்கும். உப்பு அதிகமுள்ள போர்வெல்லில் கிடைக்கும் நல்ல தண்ணீர் அளவுக்குக் கழிவுநீரும் வெளியேறும். அதை எங்கே விடுவீர்கள்? நிலத்தடி நீர் எடுக்கத் தடையில்லாச் சான்று வேண்டும். உங்கள் பிர்க்கா (வருவாய்க் குறுவட்டம்) நிலத்தடி நீர் இருப்பில் எந்த வகையில் இருக்கிறது என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2020-இல் உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத ஆலைகளை மூடச் சொன்னபோது எங்கள் வட்டாரமே ஆடிப்போனது.

வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பாட்டிலுக்கு முன்பு 18, இருபது லிட்டர் கேனுக்கு 12. நல்ல செய்திதான், ஆனால் அந்த மிச்சம் விலைக்குறைப்பிலேயே போய்விடும். பெரிய பிராண்டுகளோடு கடை அலமாரியில் மோத நம்மால் முடியாது. நமக்கு பாட்டில் என்றால் கல்யாண மண்டபம்தான். மணமக்கள் பெயர் அச்சிட்ட 300 மில்லி பாட்டிலுக்குத் தையிலும் வைகாசியிலும் ஆர்டர் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் மெஷினுக்குத் துணி போர்த்த வேண்டியதுதான்.

வருடம் முழுவதும் சோறு போடுவது கேன். அங்கே மனசாட்சியோடு வேலை செய்யுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். திரும்பி வரும் ஒவ்வொரு கேனையும் வாயருகே வைத்து முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய், பினாயில், தின்னர் எல்லாம் ஊற்றி வைத்திருப்பார்கள். அந்த வாடை எத்தனை முறை கழுவினாலும் போகாது; அந்தக் கேனை அன்றே உடைத்துவிட வேண்டும். டார்ச் அடித்தால் அடிவளைவில் பச்சைப் படலம் தெரியும். வெயிலில் கிடந்த கேன் அது. குழந்தைகள் குடிக்கிற தண்ணீர், தம்பி.

மூடிமெக்கானிக்:
ஜூஸ், சோடா பற்றித் தரகர் சொன்னது தவறு. சோடாவை அழுத்தத்தோடு நிரப்ப வேண்டும். தண்ணீர் மெஷினில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கி வெளியே வந்துவிடும். ஜூஸைப் பெரும்பாலும் சூடாக நிரப்புவார்கள்; சாதாரணத் தண்ணீர் பாட்டில் அந்தச் சூட்டில் சுருங்கி நெளியும்.

பழைய மெஷினில் நான் முதலில் பார்ப்பது மூடி திருகும் தலையை. அது ஒரு கழுத்து அளவுக்கென்றே செய்தது. இன்று சந்தையில் எளிதாகக் கிடைக்கும் பாட்டிலின் கழுத்து அதற்குப் பொருந்தவில்லை என்றால் மூடி கோணலாக ஏறும், பெட்டியில் அடுக்கியதும் கசியும். பாட்டிலை ஊதி உருவாக்கும் மெஷின் இல்லாததால் காலி பாட்டிலை வெளியே வாங்க வேண்டும். லாரி நிறைய காற்றுக்குத்தான் வாடகை கொடுப்பீர்கள். ஊதும் மெஷின் போட்டாலோ உயர் அழுத்த கம்ப்ரஸர் மின்கட்டணத்தை ஏற்றிவிடும்.

செஞ்சிக்காரன்:
நன்றி அண்ணா. ஐ.எஸ்.ஐ. முத்திரை இனி கட்டாயமில்லை என்கிறார்களே?

கேன்வண்டி:
2024 அக்டோபரில் அந்தக் கட்டாயத்தை நீக்கியது உண்மை. அடுத்த மாதமே குடிநீரை அதிக அபாயமுள்ள உணவுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆண்டுதோறும் ஆய்வும் தணிக்கையும் உண்டு. எனவே பரிசோதனைக்கூடச் செலவு குறையும் என்று எண்ண வேண்டாம். உங்கள் போர்வெல் தண்ணீரை இப்போதே சோதனைக்கு அனுப்புங்கள், கோடையில் ஊற்று இறங்கியபின் மறுபடியும் ஒரு தடவை. அந்த இரண்டு அறிக்கைகளையும் இங்கே போடுங்கள். எந்த அளவு ஆர்.ஓ. வேண்டும், கேன் மெஷின் மட்டும் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன். தரகரிடம் அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.