475 கிலோஹெர்ட்ஸில் இரைச்சல் மட்டுமே கேட்கிறது: வடசென்னை மொட்டை மாடியில் குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

கேள்வி (தண்டையார்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். அமெச்சூர் வானொலியின் தாழ் அதிர்வெண்களில், குறிப்பாக 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரையிலான 630 மீட்டர் பட்டையில், முதலில் கேட்டுப் பழக விரும்புகிறேன். என்னிடம் இருப்பவை ஆர்டிஎல்-எஸ்டிஆர் மூன்றாம் பதிப்பு டாங்கிள் (கணினியில் செருகும் சிறு ரிசீவர்), பழைய லேப்டாப், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டிய மினிவிப் எனும் குட்டி ஆன்டெனா, அதிலிருந்து இறங்கும் கேபிள் டிவி வயர் ஆகியவைதான். டைரக்ட் சாம்பிளிங் முறையில் 475-க்கு வைத்தால், சீப்புப் பற்களைப் போலச் சம இடைவெளியில் கோடுகள் திரையை நிறைக்கின்றன. அவற்றுக்கு நடுவே, அந்த இடத்தில் இருக்கவே கூடாத சென்னை வானொலியின் செய்தி வாசிப்பும் மெலிதாகக் கேட்கிறது. வீட்டுக்குப் பின்னால் மின்சார ரயில் பாதையும், தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மரும் உள்ளன. விலை கூடிய ரிசீவர் வாங்கினால் இது தீருமா?

பதில் (பெரம்பூர்)

ரிசீவருக்குச் செலவு செய்ய வேண்டாம் ஐயா. நீங்கள் சொல்வது ஒரு கோளாறு அன்று. தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் ஒரே திரையில் தெரிகின்றன.

செய்தி வாசிப்பு கேட்பதற்குக் காரணம் மிகைச் சமிக்ஞை. டைரக்ட் சாம்பிளிங்கில் டாங்கிளின் டியூனர் விலக்கப்படுவதால், மத்திய அலை முழுவதும் வடிகட்டப்படாமல், அலையை எண்களாக்கும் 8 பிட் மாற்றியில் போய் விழுகிறது. 720 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் சென்னை நிலையத்தின் வலுவை அது தாங்காது. இதை உறுதிசெய்ய ஆன்டெனா வயரின் நடுவே, சமிக்ஞையைக் குறைக்கும் 10 டெசிபெல் அட்டென்யுவேட்டர் ஒன்றைச் செருகிப் பாருங்கள். உண்மையான சமிக்ஞை என்றால் 10 மட்டுமே குறையும். ரிசீவருக்குள்ளேயே பிறந்த போலி என்றால் அதைவிட வெகுவாகக் குறையும்.

சீப்புக் கோடுகள் பெரும்பாலும் ரயிலிலிருந்து வருவன அல்ல, வீட்டிலிருந்தே வருவன. லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டிக்கொண்டே, வீட்டின் மெயினை அணையுங்கள். கோடுகள் மறைந்தால் எல்இடி பல்பு, செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர் என ஒவ்வொன்றாக மீண்டும் போட்டுக் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். மினிவிப்புக்குத் தனியாக எர்த் இல்லாவிட்டால், இறங்கும் வயரின் மேலுறையே அதன் மறுபாதியாக வேலை செய்து, வீட்டு இரைச்சல் முழுவதையும் மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதையும் கவனியுங்கள். ஃபெரைட் வளையத்தில் வயரைப் பல சுற்றுகள் சுற்றுவது இதை ஓரளவு தடுக்கும்.

பதில் (திருவொற்றியூர்)

மேலே சொன்னவை அனைத்தும் சரி. எனினும் உங்கள் இடத்துக்கு மினிவிப்பைவிட டியூன் செய்த லூப்பே (கம்பிச் சுருள் ஆன்டெனா) பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன். பிவிசி பைப்பில் ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம் செய்து, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் 10 சுற்று எனாமல் கம்பி சுற்றினால், ஏறத்தாழ 240 மைக்ரோஹென்றி கிடைக்கும். அதை 475-இல் நிறுத்துவதற்கு ஏறத்தாழ 470 பிக்கோஃபாரட் தேவை. பழைய வால்வு ரேடியோவில் நிலையம் மாற்றத் திருப்பும் கேங் கண்டென்சரில் இரு பகுதிகளையும் இணையாகச் சேர்த்தால் போதும். ரிச்சி தெருவில் கிடைக்காவிட்டால் பழைய ரேடியோ பழுதுபார்ப்பவர்களிடம் கேளுங்கள். டாங்கிளுக்குப் போகும் வயரை இந்தச் சுருளில் நேராக இணைக்காமல், அதே சட்டத்தில் தனியாக ஒரு சுற்று சுற்றி, அதிலிருந்து எடுக்க வேண்டும்.

இப்படிப்பட்ட லூப்பின் க்யூ மதிப்பு (டியூனிங்கின் கூர்மை) 50 அளவில் இருந்தாலே, 720-ஐ 30 டெசிபெல்லுக்கு மேல் அது தானாகவே அமுக்கிவிடும்; தனி ஃபில்டர் தேவைப்படாது. லூப்பைத் திருப்பும்போது ஒரு திசையில் சமிக்ஞை சட்டென்று இறங்கும். அந்தத் திசையை டிரான்ஸ்ஃபார்மரை நோக்கி வைத்துவிடுங்கள். கடற்காற்றில் உப்பு இருப்பதால், சால்டர் செய்த இணைப்புகளின் மேல் வார்னிஷ் பூச மறக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மெயினை அணைத்ததும் பெரும்பாலான கோடுகள் மறைந்தன. மாடிப்படி எல்இடி விளக்குதான் காரணமாக இருந்தது. லூப் கட்டிய பிறகு செய்தி வாசிப்பும் போய்விட்டது. ஆனால் 475-இல் இப்போது எதுவுமே இல்லை. அமைப்பு வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவது?

பதில் (பெரம்பூர்)

ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு மீண்டும் செருகுங்கள். செருகும்போது இரைச்சலின் மட்டம் தெளிவாக உயர்ந்தால் உங்கள் ரிசீவரின் உணர்திறன் போதுமானது. இந்த அதிர்வெண்களில் வளிமண்டல இரைச்சலே எல்லையாக இருப்பதால், அதற்கு மேல் பெருக்குவதில் பயனில்லை. உயராவிட்டால், 500 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த டாங்கிள் மந்தமாகிவிடும் என்பதால், லூப்புக்கு அருகே சிறிய ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) ஒன்று வேண்டும்.

அடுத்து, கண்டென்சரைச் சற்றே திறந்து 518-க்குப் போங்கள். கப்பல்களுக்கு வானிலை எச்சரிக்கை அனுப்பும் நாவ்டெக்ஸ் அங்கே உள்ளது; நம் கரையில் பரங்கிப்பேட்டையிலும் ஒரு நிலையம் இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம்தான் ஒதுக்கீடு என்பதால், ஒருமுறை கேட்டுவிட்டு இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். அது கிடைத்த பிறகு 474.2-இல் வைத்து இரவு முழுவதும் விஸ்பர் (WSPR) மென்பொருளை ஓடவிடலாம். காது பிடிக்க முடியாத மெலிந்த சமிக்ஞையையும் அது எழுத்தாக்கிவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரையிலான இரவுகளில் இடி இரைச்சல் குறைவு. மழைக்காலத்தில் கேட்காத நேரங்களில் மாடி வயரைக் கட்டாயம் கழற்றி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

518-இல் எழுத்துகள் வந்தன! இதே மாடியிலிருந்து ஒலிபரப்பவும் முடியுமா?

பதில் (திருவொற்றியூர்)

கால் அலைநீளமே 158 மீட்டர் என்பதால், மாடியில் கட்டும் கம்பி எதுவானாலும் மிகக் குட்டையானது. கொடுக்கும் திறனில் பெரும்பகுதி, குட்டைக் கம்பியை ஈடுகட்டச் சேர்க்கும் லோடிங் காயிலிலும் எர்த்திலும் வெப்பமாகிவிடும். 2012-இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாடு இந்தப் பட்டைக்குப் பொதுவாக வகுத்த கதிர்வீச்சு வரம்பு 1 வாட்தான். அதை எட்டுவதே பலருக்குக் கடினம். அதைவிட முக்கியமாக, உங்கள் உரிமத்தில் அனுமதிக்கப்பட்ட அலைவரிசைகளில் இது இருக்கிறதா என்பதை எழுத்து வடிவில் உறுதி செய்துகொண்ட பிறகே காயில் சுற்றத் தொடங்குங்கள்.