மறு: ‘விஸ்காசிட்டி கிரேடு’ – தரமா, பதமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எஞ்சின் ஆயில் டப்பாவின் மீது காணப்படும் ‘விஸ்காசிட்டி கிரேடு’ (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும் எண்) என்பதற்குப் ‘பாகுநிலைத் தரம்’ என்ற சொல் நம் கலைச்சொல்லாக்கக் குழுவின் இவ்விழையில் ஏறத்தாழ முடிவாகிவிட்ட நிலையில், அதை ஏற்கத் தயங்குவதற்கான காரணத்தைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். அகரமுதலியை வைத்துப் பார்த்தால் அச்சொல்லில் பிழையில்லை. ஆனால் கிரேடு, குவாலிட்டி, ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றுக்கும் நாம் ‘தரம்’ என்ற ஒரே சொல்லைத்தான் ஆண்டுவருகிறோம். ‘முதல் தரம், இரண்டாம் தரம்’ என்னும்போது அது கிரேடு. ‘தரமான சரக்கு’ என்னும்போது குவாலிட்டி. ‘இந்தியத் தர நிர்ணய அமைவனம்’ என்னும்போது ஸ்டாண்டர்டு. பல துறைகளில் இந்த மயக்கத்தால் கேடொன்றும் விளைவதில்லை. எஞ்சின் ஆயிலில் விளைகிறது. ஏனெனில் ஒரே டப்பாவில் பாகுநிலையைச் சொல்லும் எண்ணும் தரத்தைச் சொல்லும் எழுத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருக்கின்றன, ஒன்றைக்கொண்டு மற்றதை அறிய முடியாது.

இருசக்கர வண்டிக்கான ஒரு டப்பாவை எடுத்துக்கொள்வோம். பெரிய எழுத்தில் ‘எஸ்.ஏ.இ 10டபிள்யூ-30’ என்றிருக்கும். அதன் கீழ், பெரும்பாலும் டப்பாவைத் திருப்பினால்தான் கண்ணில் படும் சிறிய எழுத்தில், ‘ஏ.பி.ஐ எஸ்.எல்’ என்றும் ‘ஜாசோ எம்.ஏ’ என்றும் இருக்கும் (ஏ.பி.ஐ என்பது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம், ஜாசோ என்பது ஜப்பானிய வாகனத் தர அமைப்பு). முதல் வரி ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. இரண்டாவது அது எஞ்சினை எந்த அளவுக்குக் காக்கும் என்பதைச் சொல்கிறது. மூன்றாவது அதில் நனைந்தோடும் கிளட்ச் வழுக்குமா வழுக்காதா என்பதைச் சொல்கிறது. உதிரிபாகக் கடையில் நின்று கவனித்தால், வாங்க வருபவர் முதல் வரியை மட்டும் பார்த்து, “இருபது ஐம்பது இல்லையா, அதுதானே ஹை கிரேடு?” என்று கேட்பது காதில் விழும். 50 என்பது 30-ஐவிடப் பெரிய எண், ஆகவே உயர்ந்த சரக்கு என்பது அவர் கணக்கு. கலைச்சொல்லிலும் நாம் ‘தரம்’ என்றே எழுதிவைத்தால், அந்தக் கணக்குக்குப் பாடநூலின் முத்திரையையும் சேர்த்துக் குத்திக் கொடுத்தவர்களாவோம்.

அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதிலிருந்துதான் சொல் பிறக்க வேண்டும். அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ எஞ்சின் ஆயிலைப் பாகுநிலைப்படி வகுக்கும் முறையை 1911-இல் தொடங்கியது. இன்று நடைமுறையில் உள்ள ஆவணத்தின் பெயர் ஜே300. அதன்படி 100 பாகை செல்சியசில் ஒரு நொடிக்கு 9.3 முதல் 12.5-க்குள் சதுர மில்லிமீட்டர் பாகுநிலை கொண்டது 30, 12.5 முதல் 16.3-க்குள் என்றால் 40, 16.3 முதல் 21.9-க்குள் என்றால் 50. ஆகவே ‘40’ என்பது அளந்து கிடைத்த மதிப்பன்று. ஒரு எல்லைக்கும் அடுத்த எல்லைக்கும் இடைப்பட்ட பட்டைக்கு இட்ட பெயர். 12.6 உள்ள ஆயிலும் 16.2 உள்ள ஆயிலும் 40 என்றே விற்கப்படும், 12.4 உள்ளது 30 ஆகிவிடும். இந்தப் பட்டைகளுள் ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்ததன்று. தாங்கிகளின் (பேரிங்) இடைவெளியையும் எண்ணெய்ப் பம்பின் அழுத்தத்தையும் கணக்கிட்டு எஞ்சினை வடிவமைத்தவர் எதைக் குறித்தாரோ அதுவே அந்த எஞ்சினுக்கு உரியது. அதைவிட இளகியதை ஊற்றினால் தாங்கியில் எண்ணெய்ப் படலம் மெலிந்து உலோகத்தோடு உலோகம் உரசும். கெட்டியானதை ஊற்றினால் அதைக் கடைவதிலேயே ஆற்றல் வீணாகும், எஞ்சினைக் கிளப்பிய முதல் நொடிகளில் மேல்தலைப் பகுதிக்கு ஆயில் ஏறவும் தாமதமாகும்.

எனவே ‘பாகுப்பதம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘பதம்’ ஒரே ஒரு சரியான நிலையைக் குறிக்குமே தவிர வரிசையைக் குறிக்காது என்று குழுவின் மூத்த உறுப்பினர் ஐயா எழுப்பிய மறுப்பு மண்ணுக்கும் சோற்றுக்கும் பொருந்தும், பாகுக்குப் பொருந்தாது. பாகு காய்ச்சுபவர்கள் ஒரு கம்பிப் பதம், இரண்டு கம்பிப் பதம், உருட்டுப் பதம், கெட்டிப் பதம் என்று வரிசையாகவே எண்ணுகிறார்கள். மைசூர்பாகுக்கு ஒரு கம்பிப் பதம் போதும், கடலை உருண்டைக்குக் கெட்டிப் பதம் வேண்டும். பின்னது முன்னதைவிட உயர்ந்த தரம் என்று எவரும் சொல்வதில்லை. ஒவ்வொரு பதமும் ஒரு பட்டை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயன், சூடு மாறினால் பதமும் மாறும் என்ற மூன்று கருத்துகளும் அச்சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. ‘விஸ்காசிட்டி’க்குத் தமிழகப் பாடநூல்கள் பாகுநிலை என்றும் இலங்கைப் பாடநூல்கள் பிசுக்குமை என்றும் எழுதுகின்றன. இரண்டும் நல்ல சொற்கள்தாம். கூட்டுச்சொல் ஆக்குவதற்குப் ‘பாகு’ சுருக்கமாக இருப்பதால் அதை எடுத்துக்கொண்டேன்.

மாற்றாக வந்தவற்றுள் ‘பாகுப்படி’ காதுக்கு இனிமையாக இருந்தாலும், எண்ணெயை ஒரு காலத்தில் படியால் அளந்து விற்ற நாட்டில் ‘நாற்பதாம் படி எண்ணெய்’ என்பது விபரீதமாகப் பொருள்படும். ‘பாகெண்’ என்பதை ஏற்க இயலாது; மேனிலை இயற்பியல் நூலில் ‘பாகியல் எண்’ என்பது வேறொன்றைக் குறித்துக்கொண்டிருக்கிறது.

இனி டபிள்யூ. அது எடையைக் குறிக்கும் எழுத்து என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்று, அது குளிர்காலத்தை (விண்டர்) குறிப்பது. 10டபிள்யூ என்றால் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை வரை தாங்கும் என்ற விளக்கமும் பரவலாக உள்ளது, அதுவும் சரியன்று. 10டபிள்யூ ஆயில் மைனஸ் 25 பாகையில் எஞ்சினைச் சுழற்ற விடும் அளவுக்கு, அதாவது 7,000 மில்லிபாஸ்கல்-நொடிக்கு மிகாமல், இளகியிருக்க வேண்டும். மைனஸ் 30 பாகையில் பம்பு உறிஞ்சக்கூடிய அளவில், அதாவது 60,000-க்கு மிகாமல், இருக்க வேண்டும். 20டபிள்யூவுக்கு இதே சோதனைகள் மைனஸ் 15-இலும் மைனஸ் 20-இலும் நடக்கின்றன. திராஸ் போன்ற லடாக்கின் ஊர்களில் இந்த வேறுபாடு எஞ்சின் கிளம்புமா கிளம்பாதா என்பதையே முடிவு செய்யும். உதகையின் உறைபனிக் காலையில்கூட 20டபிள்யூ தன் எல்லைக்கு வெகு தொலைவில்தான் இருக்கும். சென்னையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்குக் ‘குளிர்ப்பதம்’ என்றும், பின்னால் வரும் எண்ணுக்குச் ‘சூட்டுப்பதம்’ என்றும் எழுதலாம். 10டபிள்யூ-30 என்பது குளிர்ப்பதம் 10, சூட்டுப்பதம் 30. மல்டிகிரேடு ஆயிலுக்குப் ‘பல்பத எண்ணெய்’ என்ற பரிந்துரை சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் உண்மையில் அதில் இருப்பவை இரண்டே பதங்கள். ‘இருபத எண்ணெய்’ என்றால் இருபதாம் எண் எண்ணெய் என்று காதில் விழும், எஸ்.ஏ.இ 20 என்று ஒன்று இருப்பதால் இது வெறும் வேடிக்கையாக முடியாது. ஆகவே ‘இரட்டைப்பத எண்ணெய்’, ‘ஒற்றைப்பத எண்ணெய்’ என்பவையே பாதுகாப்பானவை.

மேலே ஓரிடத்தில் சதுர மில்லிமீட்டரும் இன்னோரிடத்தில் மில்லிபாஸ்கல்-நொடியும் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். குளிரில் விசை கொடுத்துச் சுழற்றி அளக்கிறார்கள். 100 பாகையில் ஆயிலைத் தன் எடையாலேயே நுண்குழாய் வழியே இறங்கவிட்டு, இறங்கும் நேரத்தை அளக்கிறார்கள். முன்னதை அடர்த்தியால் வகுத்தால் பின்னது கிடைக்கும். முன்னதை ‘விசைப் பாகுநிலை’ என்றும் பின்னதை ‘ஓட்டப் பாகுநிலை’ என்றும் வழங்கினால் அளக்கும் முறையே பெயராகிவிடும். 150 பாகையில், தாங்கிக்குள் ஆயில் படும் பாட்டைப் போலச் செய்து அளக்கும் மூன்றாவது அளவு ஒன்றும் ஜே300-இல் உண்டு. 30-ஆம் பதத்துக்கு அது குறைந்தது 2.9 மில்லிபாஸ்கல்-நொடி இருக்க வேண்டும். அதற்குச் ‘சறுக்குப்பெயர்ச்சி’ (ஷியர்) என்ற பாடநூல் சொல்லைக் கொண்டு நீண்ட பெயரொன்றை ஆக்கலாம். யாராவது சுருக்கித் தந்தால் மகிழ்வேன்.

விஸ்காசிட்டி இண்டெக்ஸ் என்பதையும் இப்போதே தனியே பிரித்துவிடுவது நல்லது. சூடு ஏறும்போது பாகுநிலை எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதைச் சொல்லும் எண் அது. 1929-இல் டீன், டேவிஸ் என்னும் இருவர், அந்நாளில் சூட்டுக்கு மிகக் குறைவாக இளகிய பென்சில்வேனியக் கச்சா எண்ணெயிலிருந்து எடுத்ததற்கு 100 என்றும், மிக அதிகமாக இளகிய வளைகுடாக் கடற்கரைக் கச்சா எண்ணெயிலிருந்து எடுத்ததற்குப் பூச்சியம் என்றும் வைத்து அதை வகுத்தார்கள்; இன்றைய இரட்டைப்பத எண்ணெய்கள் அந்த நூறை எளிதாகத் தாண்டுகின்றன. ‘பாகுக் குறியெண்’ என்ற முன்மொழிவு இதற்குப் போதுமானது. இந்த எண்ணை உயர்த்துவதற்காகச் சேர்க்கப்படும் நெடும் பலபடி (பாலிமர்) மூலக்கூறுகள் குளிரில் சுருண்டு கிடந்து சூட்டில் விரிந்து ஆயிலைத் தாங்கிப் பிடிக்கின்றன; பற்சக்கரங்களுக்கிடையே நசுங்கி நசுங்கி அவை அறுபடும்போது, 40-ஆகப் புறப்பட்ட ஆயில் 30-இன் பட்டைக்குள் இறங்கிவிடும். மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஒரு சொட்டைத் தேய்த்துப் பார்த்து, “ஆயில் தண்ணியாயிடுச்சு” என்பதற்கு ஒரு காரணம் இது. பெட்ரோல் கலப்பது இன்னொரு காரணம். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லால் சொல்லும் இந்நிலையைப் ‘பதம் தவறுதல்’ என்று சொல்லிவிடலாம். தவறாமல் நிற்பது ‘பதம் காத்தல்’. தரம் என்று வைத்திருந்தால் ‘தரம் தாழ்தல்’ என்றல்லவா எழுத நேர்ந்திருக்கும்? அது வேறு குற்றச்சாட்டு.

தரம் என்ற சொல்லை உரிய இடத்துக்கு, அதாவது ஏ.பி.ஐ எழுத்துகளுக்கு, ஒதுக்கிவிடலாம். சர்வீஸ் கேட்டகரி என்பதற்குப் ‘பணித்தரம்’. எஸ் வரிசை பெட்ரோல் எஞ்சின்களுக்கும் சி வரிசை டீசல் எஞ்சின்களுக்கும் உரியவை. எஸ் வரிசையில் இரண்டாம் எழுத்து முன்னேற முன்னேறச் சோதனைகள் கடுமையாகின்றன: எஸ்.ஏ தரத்தை 1930-க்குப் பின் கட்டிய எஞ்சினில் ஊற்றக் கூடாது என்று அந்நிறுவனமே எச்சரிக்கிறது, எஸ்.எல் 2004 வரையிலான கார் எஞ்சின்களுக்கு உரியது. 2020-இல் வந்த எஸ்.பி, குறைந்த வேகத்தில் எரிபொருள் முந்திப் பற்றுவதையும் டைமிங் செயின் தேய்வதையும் சோதிக்கிறது. இங்கே ஒன்றைவிட மற்றொன்று உயர்ந்தது என்று சொல்ல இடமுண்டு, அதனால் தரம் பொருந்துகிறது. சி வரிசையின் பக்கத்தில் 2016-இல் வந்த எஃப்.ஏ-4 மட்டும் இதற்கு அடங்காது: அது புதியது, ஆனால் வேண்டுமென்றே இளகலாக ஆக்கப்பட்டது, சி.கே-4 கேட்கும் பழைய எஞ்சின்களில் அதை ஊற்றலாகாது. விளக்கக் குறிப்பில் இந்த ஒரு விலக்கைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

ஜாசோவின் எம்.ஏ, எம்.பி எழுத்துகளுக்கோ தரம் வேண்டவே வேண்டாம். எம்.ஏ வகையில் உராய்வு கூடுதல், ஆகவே ஆயிலில் நனைந்த கிளட்ச் பிடித்து நிற்கும், எம்.பி வகையில் உராய்வு குறைவு, கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு ஏற்றது. பைக்கில் எம்.பி ஊற்றி, மேட்டில் எஞ்சின் கத்தியும் வண்டி நகராமல் நின்றால் அது தரக்குறைவன்று, வகை மாறாட்டம். ‘பிடிப்பு வகை’ என்பது என் பரிந்துரை.

பல்லிணைப் பெட்டிக்கான (கியர்பாக்ஸ்) ஆயிலின் எண்களுக்கும் பாகுப்பதம் என்றே எழுதலாம், ஆனால் அளவுகோல் வேறு என்பதை அடைமொழியால் காட்ட வேண்டும். கடைகளில் ‘தொண்ணூறு’ என்று கேட்டு வாங்கும் கிரவுன் ஆயில் 40-ஐப் போல இருமடங்கு கெட்டி என்று நம்புவோர் பலர். ஜே306 என்னும் தனி ஆவணப்படி அந்த 90-இன் பட்டை 13.5 முதல் 18.5 வரைதான், எஞ்சின் ஆயிலின் 40-ஐயும் 50-ஐயும் அது தொட்டுக்கொண்டு கிடக்கிறது. ‘எந்திரப் பதம் 40’, ‘பல்லிணைப் பதம் 90’ என்று பிரித்தெழுதினால் குழப்பம் தீரும். ஆலைகளில் வழங்கும் ஐ.எஸ்.ஓ 46, 68 முதலியவை 40 பாகையில் அளக்கும் பாகுநிலைப் பட்டைகளின் நடுமதிப்புகள். அவற்றை இவ்வரிசையோடு சேர்க்காமல் விட்டுவிடலாம்.

கடைசியாக, லூப்ரிகன்ட் ஆயிலுக்குத் தலைச்சொல்லாக ‘மசகு எண்ணெய்’ வேண்டும் என்போருக்கு ஒரு நினைவூட்டல். இலங்கை நாளிதழ்களில் மசகு எண்ணெய் என்பது தமிழகத்தார் கச்சா எண்ணெய் என்பதைக் குறிக்கும். இரு நாட்டாரும் படிக்கும் அகராதியில் அதை இட்டால் ஒரு பாதியினர் கிணற்றிலிருந்து வருவதை எஞ்சினில் ஊற்றுவதாகப் படிப்பார்கள். ‘உயவெண்ணெய்’ இரு பக்கமும் மயக்கம் தராது. மேற்கண்ட டப்பாவைத் தமிழில் எழுதினால் இவ்வாறு வரும்: “எந்திர உயவெண்ணெய். குளிர்ப்பதம் 10, சூட்டுப்பதம் 30. பணித்தரம் எஸ்.எல். பிடிப்பு வகை எம்.ஏ.” ‘பிடிப்பு வகை’யில் எனக்கே முழு நிறைவில்லை, கிளட்சுக்கு நாம் ஏற்கெனவே ஏற்ற ‘உரசிணைப்பி’யோடு இசையும் சொல் எவரிடமாவது இருந்தால் பட்டியலை விக்சனரியில் ஏற்றும் முன் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்